மோரியாசு: அதிர்ஷ்டமா, ஆட்டத்தைப் படிக்கும் திறனா?

வாசகர் ஒருவரின் கூற்று – 6 டிசம்பர் 2022

கத்தார் உலகக் கோப்பையில் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் வீழ்த்தியவர் என்று ஜப்பான் கால்பந்து அணியின் பயிற்றுநர் ஹாஜிமே மோரியாசுவைத் தலையில் வைத்துக் கொண்டாடுவது எனக்கு விளங்கவில்லை. இரண்டு ஆட்டங்களிலும் முதல் பாதி முழுவதும் ஜப்பான் பந்தைத் துரத்திக்கொண்டுதான் இருந்தது. இரண்டாம் பாதியில் ஏதோ நடந்துவிட்டது. கோஸ்டா ரிகாவிடம் தோற்றதும், நேற்று குரோஷியாவுக்கு எதிராக மூன்று பெனால்டிகளைக் கோட்டைவிட்டதும்தான் அவருடைய உண்மையான தரம். ஸ்பெயின் ஆட்டத்தில் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவில் கோட்டின்மேல் நின்ற பந்துக்கு அவர் நன்றி சொல்லட்டும்.

என் மறுமொழி – 6 டிசம்பர் 2022, இரவு

அதிர்ஷ்டம் துளியும் இல்லாமல் எவரும் உலகக் கோப்பையில் ஜெர்மனியை வென்றதில்லை, அது சரி. ஆனால் 'ஏதோ நடந்துவிட்டது' என்பதை ஏற்க மாட்டேன். நவம்பர் 23 அன்று இடைவேளையில் கூபோவை வெளியே அழைத்துத் தோமியாசுவை இறக்கி, பின்களத்தை மூவராக மாற்றினார். அதன்பின் 57ஆவது நிமிடத்தில் நகதோமோவுக்குப் பதிலாக மித்தோமாவும் மயேதாவுக்குப் பதிலாக அசானோவும் வந்தார்கள். 71இல் டோவான், 75இல் சக்காய்க்குப் பதிலாக மினாமினோ. பின்களத்தின் இரு ஓரங்களிலும் ஓடிக்கொண்டிருந்த இருவரை எடுத்துவிட்டு, அந்த இடங்களில் தாக்குதல் வீரர்களை நிறுத்தியவரைக் கோழை என்று சொல்ல முடியாது. முதல் கோலில் மினாமினோ அடித்த பந்தை ஜெர்மன் கோல்காவலர் நொயர் தட்டிவிட, அதை உள்ளே தள்ளியவர் டோவான். இரண்டாவது கோல் அசானோவுடையது. கோல் போட்ட இருவரும் அவர் அனுப்பிய மாற்று வீரர்கள். ஸ்பெயினுக்கு எதிராகவும் இடைவேளையில் டோவானும் மித்தோமாவும் வந்தார்கள். கோல்கள்: 48இல் டோவான், 51இல் மித்தோமா அந்தக் கோட்டிலிருந்து இழுத்துத் தந்த பந்தில் தனாகா. அந்த ஆட்டத்தில் பந்து ஜப்பானின் வசம் இருந்தது ஏறக்குறைய 18 விழுக்காடு நேரம் மட்டுமே.

என் கருத்து இதுதான்: மோரியாசு தாம் விளையாடிய இடத்தைவிட்டு இன்னும் வெளியேறவில்லை. அவர் தற்காப்பு நடுக்கள வீரராக இருந்தவர். அந்த இடத்தில் நிற்பவன் முதலில் எதிரணி எங்கே பந்தைக் கொண்டுசெல்ல விரும்புகிறது என்று பார்க்கிறான், காத்திருக்கிறான், பிறகுதான் காலை நீட்டுகிறான். பயிற்றுநராகவும் அவர் அதையே செய்கிறார். முதல் பாதி அவருக்குப் படிக்கும் நேரம்.

பெனால்டிகளைப் பற்றி மட்டும் எனக்கும் வருத்தம் உண்டு. உதைக்க விருப்பமுள்ளவர்கள் முன்வரட்டும் என்று வீரர்களிடமே விட்டார். டோக்கியோ ஒலிம்பிக்கில் நியூசிலாந்துக்கு எதிராக இதே முறை பலித்தது; நேற்று மினாமினோ, மித்தோமா, யோஷிதா மூவரும் குரோஷியக் கோல்காவலர் லிவாகோவிச்சிடம் தோற்றார்கள்.

7 டிசம்பர் 2022

நேற்று எழுதியதில் ஒன்று குறைகிறது. 1993ஐச் சொல்லாமல் இந்த மனிதரைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

அக்டோபர் 28, தோஹா. உலகக் கோப்பைக்கு ஜப்பான் முதன்முறையாகத் தகுதிபெற ஈராக்கை வென்றால் போதும். கசு மியூரா 5ஆவது நிமிடத்தில் கோல் போட்டார். ஈராக் சமன் செய்தது. 69இல் நகயாமா மறுபடியும் முன்னிலை தந்தார். நேரம் முடிந்து கொசுறு நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது ஈராக்குக்கு ஒரு கார்னர் கிடைத்தது. எல்லோரும் கோல் முகப்பில் கூடி நிற்க, ஈராக் பந்தை நேராகத் தூக்கி அடிக்காமல் பக்கத்தில் நின்றவருக்குச் சிறிதாகத் தட்டிவிட்டது. மியூரா ஓடிச் சென்று காலை நீட்டியும் பந்து அவரைத் தாண்டி உள்ளே வந்தது. ஜாஃபர் ஓம்ரான் தலையால் அனுப்பிவைத்தார். இரண்டுக்கு இரண்டு. சவூதி அரேபியாவும் தென் கொரியாவும் அமெரிக்கா சென்றன. கொரியா ஜப்பானை முந்தியது கோல் வித்தியாசத்தில் மட்டுமே. ஏற்கெனவே வெளியே வந்திருந்த நகயாமா எல்லைக்கோட்டின் அருகே சரிந்து விழுந்த காட்சியை ஜப்பானில் அறியாதவர் இல்லை. மைதானத்தின் நடுவில் நின்று அதைப் பார்த்த 25 வயது வீரர்களில் ஒருவர்தான் மோரியாசு. 'தோஹாவின் சோகம்' என்று அந்நாட்டில் அதற்குப் பெயரே உண்டு.

ஸ்பெயின் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் தோஹா தம் நினைவுக்கு வந்ததாகவும், அதே கணத்தில் தம் வீரர்கள் பின்வாங்காமல் பந்தைப் பறிக்க முன்னே போனதைக் கண்டு காலம் மாறிவிட்டது என்று உணர்ந்ததாகவும் அவர் செய்தியாளர்களிடம் கூறினார். இதைப் படித்தபின் நான் வெகுநேரம் தூங்கவில்லை. காரணம் அடுத்த பதிவில்.

7 டிசம்பர் 2022, சற்றுப் பின்னர்

காரணம் அவ்வளவு பெரிதல்ல. ஹிரோஷிமாவில் நான் பணிபுரிந்த காலத்தில் வார இறுதிகளில் ஒரு சிறு அணியில் விளையாடினேன், அதே நடுக்கள இடத்தில். ஒரு கோல் முன்னிலையில் இருந்த ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில், எதிரணி இதேபோல் சிறு கார்னர் அடித்தது. அதற்கு ஓட வேண்டியவன் நான். ஓடலாமா, இருந்த இடத்திலேயே நிற்கலாமா என்று யோசித்த அரை நொடியில் பந்து உள்ளே போய்விட்டது. அணியின் மூத்தவர் ஒருவர் என் தோளில் கைவைத்து, "தோஹா" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அர்த்தம் தெரியாமல் நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபின் சிரிப்பு வரவில்லை.

8 டிசம்பர் 2022

திருத்தம்: தனிமடலில் ஒருவருக்கு எழுதியபோது மோரியாசுவை நாகசாகியில் பிறந்தவர் என்று குறிப்பிட்டுவிட்டேன். வளர்ந்ததும் பள்ளியில் படித்ததும் நாகசாகியில்; பிறந்தது ஷிசுவோக்கா மாநிலத்தின் கக்கேகாவாவில், 23 ஆகஸ்ட் 1968 அன்று.

11 டிசம்பர் 2022

அவருடைய பெயரைப் பற்றி ஒருவர் கேட்டார். குடும்பப் பெயர் மோரியாசு, ஜப்பானிய எழுத்து முறையில் இரண்டு எழுத்துகள். இடுபெயர் ஹாஜிமே, ஒற்றைக் கோடு. மூன்று எழுத்துகளையும் ஒருங்கே பார்க்கும் அறியாதவர், முதல் எழுத்தை மட்டும் குடும்பப் பெயராகக் கொண்டு 'மோரி ஹோயிச்சி' என்று படித்துவிடுவார். 1992இல் அப்போதைய தேசியப் பயிற்றுநர் ஹான்ஸ் ஊஃப்ட் அவரைத் தேசிய அணிக்கு அழைத்தபோது பலருக்கும் அவரை யார் என்றே தெரியவில்லை; அந்தத் தவறான வாசிப்பிலிருந்துதான் 'போயிச்சி' என்ற செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஹிரோஷிமாவில் வயதான ரசிகர்கள் இன்றும் அவரைப் போயிச்சி என்றுதான் சொல்கிறார்கள். தேசிய அணியின் பயிற்றுநரை இப்படி அழைப்பது மரியாதைக் குறைவு இல்லையா என்று கேட்டதற்கு, எங்கள் அணியின் அதே மூத்தவர், "அவர் இங்கே 1987இல் வந்தபோது எங்களுக்கும் அவர் பெயர் தெரியாது" என்றார்.

1987இல் அவர் சேர்ந்தது மஸ்தா கார் நிறுவனத்தின் அணியில். தொழில்முறை லீக் 1993இல் தொடங்கவிருந்தபோது அதுவே சான்ஃப்ரெச்சே ஹிரோஷிமா ஆனது. 'சான்' என்பது ஜப்பானிய மொழியில் மூன்று, 'ஃப்ரெச்சே' என்பது இத்தாலிய மொழியில் அம்புகள். ஒற்றை அம்பு முறியும், மூன்று சேர்ந்தால் முறியாது என்று அப்பகுதியை முற்காலத்தில் ஆண்ட மோரி மோதோனாரி தம் மகன்களுக்குச் சொன்னதாக வழங்கும் கதையிலிருந்து எடுத்த பெயர். ஊஃப்ட் அதற்கு முன் மஸ்தாவில் பயிற்றுநராக இருந்தவர் என்பதால்தான் அந்த இளைஞரை அறிந்திருந்தார். மே 1992இல் அர்ஜென்டினாவுக்கு எதிராக முதல் ஆட்டம். மொத்தம் 35 ஆட்டங்கள், ஒரே ஒரு கோல்.

அந்த இடத்தில் விளையாடுபவரை ஜப்பானியர் 'போரான்ச்சி' என்கிறார்கள். போர்த்துக்கீசிய 'வொலாஞ்ச்சி' என்ற சொல்லின் மருவிய வடிவம் அது. பொருள் காரின் ஸ்டீயரிங். கார் நிறுவனத்து அணியில் ஸ்டீயரிங்காக இருந்தவர் என்று நான் ஒருமுறை நகைச்சுவை செய்தேன். ஜப்பானிய மொழியில் அது எடுபடவில்லை.

30 டிசம்பர் 2022

இந்த வாரம் அவருடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. உலகக் கோப்பை முடிந்தபின் ஜப்பானின் பயிற்றுநர் பதவியில் தொடர்வது இதுவே முதல்முறை. இழையைத் தொடங்கிய வாசகர் கொதித்துப் போயிருப்பார்.

விடுமுறையில் பழைய பதிவுகளைப் படித்தேன். மூவர் பின்களத்தைப் பற்றி இங்கே நடந்த பேச்சில், அந்த அமைப்பை ஹிரோஷிமாவில் மோரியாசுவே உருவாக்கினார் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அதற்கு நானும் உடந்தை. அது பிழை. 3-4-2-1 என்ற அந்த மூவர் பின்கள அமைப்பு, அவருக்கு முன் ஹிரோஷிமாவின் பயிற்றுநராக இருந்த மிஹைலோ பெட்ரோவிச்சின் சொத்து. பெட்ரோவிச்சின் அணி பார்க்க அழகானது, கசியக்கூடியது. 2011இல் ஏழாம் இடம். 2012இல் நிகாதாவிலிருந்து திரும்பிவந்து பொறுப்பேற்ற மோரியாசு எதையும் இடித்துத் தள்ளவில்லை. பந்தை இழந்தவுடன் ஐவரும் பின்னால் வந்து அணிவகுக்கும் ஒழுக்கத்தை மட்டும் இறுக்கினார். முதல் ஆண்டிலேயே லீக் பட்டம். 2013இல் மறுபடியும். 2015இல் மூன்றாவது. உராவா அணிக்குச் சென்ற பெட்ரோவிச் ஹிரோஷிமாவின் வீரர்களை ஒவ்வொருவராகத் தம்மிடம் இழுத்துக்கொண்டார். ஆனால் அங்கே ஒருமுறைகூட லீக் பட்டத்தை வெல்லவில்லை. பரம்பரை வீட்டை வாங்கி ஒழுகும் ஓடுகளை மட்டும் மாற்றியவனுக்கு வீடு நிலைத்தது. கட்டியவர் வேறு ஊரில் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தார்.

24 நவம்பர் 2012 அன்று நான் மைதானத்தில் இருந்தேன். அந்தப் பழைய மைதானம் நகரிலிருந்து தொலைவில், மலைமேல். நகரின் நடுவிலுள்ள ஹொந்தோரியிலிருந்து அஸ்த்ராம் ரயிலில் ஏறிக் கடைசிவரை போய், அங்கிருந்து மேடேறி நடக்க வேண்டும். புல்வெளியைச் சுற்றி ஓடுபாதை இருப்பதால் வீரர்கள் எறும்புகள்போல் தெரிவார்கள். செரேசோ ஒசாகாவை 4-1 என்று வென்றோம். பட்டம் அன்றே உறுதியாக, எங்களுடன் பட்டத்துக்குப் போட்டியிட்ட செண்டாய் தோற்க வேண்டும். செண்டாய் தோற்றது, நிகாதாவிடம். மோரியாசு வீரராகக் கடைசியாக விளையாடிய சங்கம் செண்டாய். துணைப் பயிற்றுநராக இருந்த சங்கம் நிகாதா. இரண்டு பழைய வீடுகளும் கூடி அவருக்குச் சீர் செய்தனுப்பிய மாதிரி இருந்தது. அவர் அழுதார். அவர் எதற்கும் அழுவார். தேசிய கீதத்துக்கே கண் கலங்குபவர்.

11 செப்டம்பர் 2023

வொல்ஃப்ஸ்பர்க், 9 செப்டம்பர்: ஜெர்மனி 1, ஜப்பான் 4. மறுநாள் ஜெர்மன் பயிற்றுநர் ஃப்ளிக்கின் வேலை போய்விட்டது.

இம்முறை முதல் பாதி வீணாகவில்லை. 11ஆவது நிமிடத்தில் இத்தோ, சானே சமன் செய்த மூன்றாவது நிமிடத்திலேயே உயேதா. இரண்டாம் பாதியில் ஜெர்மனி அழுத்தியபோது தனிகுச்சியை இறக்கி ஐவர் தற்காப்புக்கு மாற்றினார். கடைசியில் கூபோவின் இரண்டு பந்துகளில் அசானோவும் தனாகாவும். ஆக, படிப்பதற்கு 45 நிமிடங்கள் வேண்டும் என்ற என் பழைய கருத்து பாதி உடைந்தது. பாதி என்று சொல்வது ஏனென்றால், எதிரணியைக் கத்தாரிலேயே படித்து முடித்துவிட்டார் என்றும் வாதிடலாம். நான் பின்வாங்குவதில் வல்லவன்; அதுவும் என் ஆட்ட இடத்தின் பழக்கம்தான்.

4 பிப்ரவரி 2024

வாசகரே, வெளியே வாருங்கள், உங்கள் நாள் இது.

ஆசியக் கோப்பைக் காலிறுதியில் ஈரானிடம் 1-2. மொரிதா முன்னிலை தந்தார், இரண்டாம் பாதியில் ஈரான் நீண்ட பந்துகளாக வீசிக்கொண்டே இருந்தது, தடுமாறிக்கொண்டிருந்த தற்காப்பாளர் இத்தாக்குரா களத்திலேயே இருந்தார், கொசுறு நேரத்தின் ஆறாவது நிமிடத்தில் அவருடைய தவறில் பெனால்டி, ஜஹான்பக்ஷ் கோல். மைதானத்திலிருந்த எல்லோருக்கும் அது வரப்போகிறது என்று தெரிந்திருந்தது. கையில் குறிப்பேடு வைத்திருந்த மோரியாசு மட்டும் எழுதிக்கொண்டிருந்தார். மாற்று வீரர்களைத் தாம் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று ஆட்டத்துக்குப் பின் பழியைத் தம்மேல் போட்டுக்கொண்டார். அந்த நேர்மை பிடித்திருக்கிறது. ஆனால் நேர்மை ஒரு தற்காப்பாளரை மாற்றுவதில்லை.

குழு ஆட்டத்தில் ஈராக்கிடமும் 1-2. கத்தார் மண், ஈராக் அணி. இதற்கு மேல் நான் எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

5 பிப்ரவரி 2024

நேற்றைய பதிவு கோபத்தில் எழுதியது. குறிப்பேட்டைப் பற்றிய வரி அநியாயம். ஆனால் அழிக்க மாட்டேன்.

காலையில் எழுந்து ஒரு கணக்கு போட்டேன். 1993 தோஹா: எதிரணியின் கார்னர், கடைசி நிமிடம், அவர் வீரராகக் களத்தில். 2018 ரஸ்தோவ்: பெல்ஜியத்துக்கு எதிராக 2-0 முன்னிலை கரைந்து 2-2 ஆனபின், 94ஆவது நிமிடத்தில் ஜப்பானின் சொந்தக் கார்னர் பெல்ஜியக் கோல்காவலர் கூர்துவாவின் கையில் போய், சில நொடிகளில் மறுமுனையில் சாத்லியின் கோல், அவர் நிஷினோவின் துணைப் பயிற்றுநராகப் பெஞ்சில். 2021 ஒலிம்பிக் அரையிறுதி: கூடுதல் நேரத்தின் 115ஆவது நிமிடத்தில் ஸ்பெயினின் அசென்சியோ அடித்த கோல், அவர் தலைமைப் பயிற்றுநர். 2024 ஈரான். நாற்காலி மாறிக்கொண்டே வந்திருக்கிறது, கடிகாரம் மாறவில்லை.

இதிலிருந்து இரண்டு வகையாகவும் எழுதலாம். கடைசி நிமிடம் அவருடைய சாபம் என்று எழுதலாம். அல்லது, இத்தனை பார்த்த ஒருவர் 2022இல் ஸ்பெயினுக்கு எதிரான ஏழு கொசுறு நிமிடங்களையும் நிலைகுலையாமல் கடந்தாரே, அது சிறிய செயலா என்றும் எழுதலாம். 2022இல் நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். காத்திருக்கும் குணத்தைத் திறமை என்று மட்டுமே பார்த்தேன். காத்திருப்பவன் சில நாள் அரை நொடி அதிகம் காத்துவிடுகிறான் என்பது என் சொந்தக் காலுக்குத் தெரிந்த விஷயம். அதை நான் அவருக்குப் பொருத்திப் பார்க்கவில்லை.

6 செப்டம்பர் 2024

சைத்தாமாவில் சீனாவுக்கு எதிராக 7-0. எண்ணிக்கையைவிட முக்கியமானது அமைப்பு: தொடக்கத்திலிருந்தே மூவர் பின்களம், இரு ஓரங்களிலும் டோவானும் மித்தோமாவும். அதாவது, ஜெர்மனியிடம் பின்தங்கியபோது வேறுவழியின்றிச் செய்ததை இப்போது முதல் விசிலிலிருந்தே செய்கிறார். ஹிரோஷிமாவின் பழைய வீட்டுக்கே திரும்பியிருக்கிறார், ஆனால் ஓரத்தில் நிற்பவர்கள் இம்முறை தாக்குதல் வீரர்கள். கத்தாரில் 70ஆவது நிமிடத்தில் இருந்த துணிச்சல் முதல் நிமிடத்துக்கு வர இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. மெதுவாகத்தான் படிக்கிறார், ஆனால் படித்ததை மறப்பதில்லை.

எதிரணியின் தரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள் என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

21 மார்ச் 2025

நேற்று பஹ்ரைனை 2-0 வென்று, போட்டியை நடத்தும் மூன்று நாடுகளைத் தவிர 2026 உலகக் கோப்பைக்குத் தகுதிபெற்ற முதல் அணி ஆனது ஜப்பான். முதல் பாதியில் ஒன்றுமில்லை. மாற்று வீரராக வந்த கமாதா 66இல், கூபோ 87இல்.

கடந்த உலகக் கோப்பைக்கான இதே தகுதிச் சுற்று 2021இல் எப்படித் தொடங்கியது என்பதை நினைவூட்டுகிறேன். சுய்தாவில் ஓமானிடம் தோல்வி, ஜித்தாவில் சவூதியிடம் தோல்வி. பதவி போய்விடும் என்ற பேச்சு. அடுத்து சைத்தாமாவில் ஆஸ்திரேலியா. அன்று எண்டோ, மொரிதா, தனாகா என்று மூன்று நடுக்கள வீரர்களை ஒருசேர நிறுத்தி 2-1 வென்றார். முதல் கோல் எட்டாவது நிமிடத்தில் தனாகாவுடையது. கழுத்துக்குக் கத்தி வந்தபோது அவர் நம்பியது தம் சொந்த ஆட்ட இடத்தை. ஒரு போரான்ச்சி போதாது என்று மூன்றை வைத்தார். இதை நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும்.

15 அக்டோபர் 2025

பிரேசிலை வென்றுவிட்டார்கள். இதற்குமுன் ஒருமுறைகூட வென்றதில்லை. டோக்கியோவில் இடைவேளையின்போது 0-2. அதன்பின் மினாமினோ, நகமுரா, உயேதா. 52இலிருந்து 71க்குள் மூன்று கோல்கள்.

இங்கே என் 2022 பதிவைப் பெருமையாக ஒட்டலாம் என்று வந்தேன். படித்துப் பார்த்தபின் கை வரவில்லை. முதல் பாதியைப் படிப்பதற்கென்று விட்டுவைத்தார் என்று பிரேசில் ஆட்டத்தில் சொன்னால் பொய். முதல் பாதியில் அணி பயந்தது. இரண்டாம் பாதியில் வீரர்கள் ஆளுக்கு ஆள் ஓடி முன்னாலேயே அழுத்தினார்கள், அமைப்பு அதேதான். பிரேசில் தற்காப்பாளர் வழுக்கியதில் முதல் கோல் பிறந்தது என்பதையும் ஒளிக்க வேண்டாம். ஆக அதிர்ஷ்டம் இருந்தது, வாசகரே. அந்த வழுக்கல் நடக்கும் இடத்தில் மினாமினோ நிற்கும்படி அணியை முன்னே தள்ளியதும் நடந்தது.

19 நவம்பர் 2025

நேற்று பொலிவியாவுக்கு எதிரான 3-0 வெற்றி, தேசிய அணியின் பயிற்றுநராக அவருக்கு நூறாவது ஆட்டம். வேறெந்த ஜப்பான் பயிற்றுநரும் அந்த எண்ணைத் தொட்டதில்லை.

எங்கள் பழைய அணியின் மூத்தவருக்கு வாழ்த்து அனுப்பினேன், அவரே வென்றதுபோல. ஹிரோஷிமா நகரின் நடுவில், கோட்டைக்கு அருகே 2024இல் திறந்த புதிய மைதானத்தின் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினார். இப்போது மலையேற வேண்டியதில்லையாம், வீரர்களின் முகம் தெரிகிறதாம். கூடவே ஒரு கேள்வி: வருகிற உலகக் கோப்பையில் கடைசி நிமிடத்தில் எதிரணிக்குக் கார்னர் கிடைத்தால், சிறிதாகத் தட்டும் பந்துக்கு யார் ஓடுவார்? நான் எண்டோ என்று எழுதினேன். அரை மணி கழித்து மித்தோமா என்று திருத்தினேன். "யோசித்துக்கொண்டே நிற்காதே" என்று பதில் வந்தது.